வைத்தியர் வீட்டு இல்லறம்

டொக்டர் மாப்பிள்ளை கிடைத்தால் பெண் வீட்டாருக்குப் பெருமைதான். கூடவே உள்ளூர ஓர் அச்சமும் உண்டு. இரவு பகல் பாராது அழைப்பு வரும், வீட்டுக்கு ஆள் கிடையாது, இப்படியான இல்லறம் நிலைக்குமா என்பதே அது. அமெரிக்காவில் இதைக் கணக்கெடுத்தே ஆராய்ந்திருக்கிறார்கள்.

2011ஆம் ஆண்டில் அங்குள்ள வைத்தியர்களின் வாழ்க்கைத் துணைவர்களான 1,644 பேரிடம் வினாக்கள் கேட்கப்பட்டன. பதில் தந்தவர்கள் 891 பேர். அவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 87 பேர் தங்கள் உறவில் திருப்தி உண்டென்றனர். (பதில் தராதோர் என்ன நினைத்தனரோ!) திருப்தி கண்டவர்களுக்கும் மனத்தாங்கல் இல்லாமலில்லை. வீடு திரும்பும்போது சிடுசிடுப்பு, வீட்டு அலுவல் எதிலும் சேரமுடியாத களைப்பு, உடல் வீட்டிலிருக்க மனம் வைத்தியசாலையில் இருப்பது ஆகியவற்றைப் பலரும் குறிப்பிட்டனர்.

ஆனால் திருப்தியைத் தீர்மானிப்பதில் முதலிடம் பெற்றது எது தெரியுமா? வைத்தியர் வாரத்தில் எத்தனை மணி நேரம் உழைக்கிறார், எத்தனை இரவுகள் அழைப்புக்குக் காத்திருக்கிறார், எத்துறையைச் சேர்ந்தவர் என்பவையல்ல. நாள்தோறும் இருவரும் விழித்திருந்து ஒன்றாகக் கழிக்கும் நேரமே அது. இங்கே "விழித்திருந்து" என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். இரவுக் கடமை முடித்து வந்து பகலெல்லாம் உறங்கும் கணவர் வீட்டில்தான் இருக்கிறார். அந்த நேரம் இக்கணக்கில் சேராது. மாறாக, நேரம் சென்று வந்தாலும் மனைவியோடு அமர்ந்து உண்டு, பிள்ளையின் பள்ளிக்கூடக் கதையைக் கேட்கும் அரைமணி சேரும்.

வைத்தியர்களிடையே விவாகரத்து மலிந்திருக்கிறது என்ற பேச்சும் அந்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. 2015இல் வெளியான வேறோர் ஆய்வு அதை மறுத்தது. விவாகரத்துக் கண்டவர்கள் வைத்தியர்களில் நூற்றுக்கு 24 பேரளவில். சட்டத்தரணிகளில் 27, தாதிமாரில் 33. நீண்ட கடமை நேரந்தான் குடும்பத்தைக் குலைக்கிறதென்றால் இக்கணக்கு வேறுவிதமாக இருந்திருக்கும்.

அதே ஆய்வில் மனதை உறுத்தும் ஒரு செய்தியும் உண்டு. பெண் வைத்தியர்களிடையே விவாகரத்து ஆண்களிலும் அதிகம். கூடுதலான நேரம் உழைத்த ஆண் வைத்தியர்களிடம் விவாகரத்துக் குறைவாகவும், அவ்வாறே உழைத்த பெண்களிடம் அதிகமாகவும் காணப்பட்டது. எனக்குத் தோன்றும் காரணம் எளியது. களைத்து வரும் கணவருக்குத் தேநீர் கொடுக்க ஆளிருக்கும். வைத்தியராகிய மனைவியோ அதே களைப்போடு வந்து இரவுச் சமையலையும் பிள்ளைகளின் பாடத்தையும் பார்க்கிறார். பிறகு பேசி இருக்க அவருக்கு ஏது நேரம்?