கோப்பு எங்கே இருக்கிறது?



நசரத்பேட்டையில் உள்ள எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுக்கு வெளியூர் உறவினர் வரும்போதெல்லாம் அவள் தந்தையார் தொலைபேசியில் வழி சொல்லுவார். "பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் வாருங்கள், புளியமரம் தாண்டி இடது கைப்பக்கம் திரும்புங்கள், மூன்றாவது சந்து." வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை இங்கே குறுக்கிட்ட பிறகு அந்த வழி யாருக்கும் உதவவில்லை. புளியமரமும் போயிற்று. ஆனால் 600123 என்று எழுதிய கடிதம் மட்டும் தவறாமல் அதே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் தொடங்கிய அஞ்சல் குறியீட்டு எண்ணின் பெருமை அது. அனுப்புகிறவர் எந்த ஊரில் இருந்தாலும் எண் ஒன்றுதான்.

கணினி நிரலிலும் இதே தொல்லை உண்டு என்று இவ்வாண்டு கற்றுக்கொண்டோம்.

நூலகத்துக்குப் பொறுப்பான சிஸ்டர் இரவல் நூல்களைத் தடித்த பதிவேட்டில் கையால் எழுதி வருகிறார். அதைக் கணினியில் செய்து தருவதாக ஜூன் மாதத்தில் வாக்களித்தோம். நவம்பர் முதல் திங்கட்கிழமை பழைய பதிவேடு மூடப்படும் என்று சிஸ்டரும் எல்லா வகுப்புகளிலும் அறிவித்துவிட்டார். நாங்கள் தேர்ந்தெடுத்தது நோட்.ஜேஎஸ். உலாவிக்குள் ஓடிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் சர்வரிலும் ஓட வைப்பதற்காக ரயன் டால் என்பவர் 2009-இல் வெளியிட்டது இது.

பெரிய நிரலை ஒரே கோப்பில் எழுதுவதில்லை. தேதியைக் கணக்கிட ஒரு கோப்பு, அபராதத்துக்கு ஒன்று என்று பிரித்து எழுதுகிறோம். இப்படிப் பிரித்த துண்டுக்கு மாட்யூல் என்று பெயர். ஒரு கோப்புக்கு இன்னொன்று தேவைப்பட்டால் 'ரெக்வயர்' என்று சொல்லி அதன் இருப்பிடத்தைத் தருகிறோம். பெயர் ஒற்றைப் புள்ளியோடும் சாய்கோட்டோடும் தொடங்கினால் 'நான் இருக்கும் உறையிலேயே தேடு' என்று பொருள். இரட்டைப் புள்ளி என்றால் 'ஒரு படி மேலே போய்த் தேடு'. புள்ளியே இல்லாத வெறும் பெயர் என்றால், நோட் முதலில் அது தன்னுடைய சொந்த மாட்யூலா என்று பார்க்கும். இல்லையென்றால் 'நோட்_மாட்யூல்ஸ்' என்ற உறையில் தேடும். அங்கும் கிடைக்காவிட்டால் ஒரு படி மேலே உள்ள அதே பெயருள்ள உறை, அதற்கும் மேலே என்று வட்டின் உச்சி வரை ஏறிப் பார்க்கும். தொலைந்த குடையை வீடு வீடாகக் கேட்டுப் போவது போல! ரயன் டால் அவர்களே 2018-இல் பெர்லினில் ஆற்றிய உரை ஒன்றில், நோட்டைப் பற்றித் தாம் வருந்தும் செய்திகளுள் இந்த உறையையும் சேர்த்துச் சொன்னார்.

எங்கள் நிரலில் 'சேவை/நூல்' என்ற உறையிலிருந்த கோப்புகள் எல்லாம் '../../பொது/தேதி' என்று வழி சொல்லித் தேதிக் கோப்பை அழைத்தன. அக்டோபரில் அவற்றை 'சேவை/நூல்/மாணவியர்' என்ற உள்ளுறைக்கு மாற்றினோம். உடனே பதினேழு கோப்புகளும் நின்றுவிட்டன. ஒரு படி இறங்கியதால் இனி '../../../' என்று மூன்று படி ஏற வேண்டுமே! புளியமரக் கதைதான்.

அஞ்சல் எண் போல நிலையான ஒரு சுருக்கப்பெயர் வேண்டும் என்றார் கணினி ஆசிரியை. அதற்கென்று 'மாட்யூல்-அலியாஸ்' என்ற லைப்ரரி இருக்கிறது. அதை நிறுவியபின் 'பேக்கேஜ்.ஜேசன்' கோப்பில் '_மாட்யூல்அலியாசஸ்' என்ற பகுதியைச் சேர்த்து, '@பொது' என்றால் 'பொது' உறை என்று ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவே. பிறகு எந்த ஆழத்திலிருக்கும் கோப்பும் '@பொது/தேதி' என்று கேட்கலாம். ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலில் ஓடும் கோப்பின் முதல் வரியிலேயே இந்த லைப்ரரியை அழைத்துவிட வேண்டும். ஏனெனில் இது நோட்டின் தேடும் முறையையே இடைமறித்து மாற்றுகிறது. தனக்கு முன் வரும் வரிகளுக்கு இதனால் உதவ முடியாது. எங்களுள் ஒழுங்கு விரும்பி ஒருத்தி வரிகளை அகர வரிசையில் அடுக்கி வைக்க, அரை நாள் வீணாயிற்று. பிறர் பயன்படுத்த வெளியிடும் மாட்யூல்களுக்குள் இதை வைப்பதானால் கவனம் வேண்டும் என்று இதை எழுதியவர்களே எச்சரிக்கிறார்கள். 2020 முதல் நோட்டிலேயே 'இம்போர்ட்ஸ்' என்ற பகுதி வந்துவிட்டது. அதில் சுருக்கப்பெயர் # குறியோடு தொடங்க வேண்டும், தனி லைப்ரரி தேவையில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுவே நல்லது என்று இப்போது எண்ணுகிறோம்.

வரியைச் சரியான இடத்தில் வைத்த பிறகும் 'மாட்யூலைக் காணவில்லை' என்ற செய்தியே வந்தது. திரையில் 'பொது' என்று தெளிவாகத் தெரிகிறது. உறையின் பெயரும் 'பொது'. எழுத்துப் பிழை இல்லை. தமிழில் பெயர் வைத்ததுதான் குற்றம் என்று சிலர் சொல்ல, எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் திங்கட்கிழமை.

"இரண்டு பெயர்களின் நீளத்தையும் கணினியையே கேளுங்கள்" என்றார் ஆசிரியை. உறையின் பெயருக்கு 5 என்றது. பேக்கேஜ்.ஜேசனில் இருந்த பெயருக்கு 4 என்றது!

காரணம் இதுதான். யூனிகோடு முறையில் 'பொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ப என்ற எழுத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உறையை உண்டாக்கியவள் கொம்பையும் காலையும் தனித்தனியே அழுத்தியிருந்தாள். பேக்கேஜ்.ஜேசனை எழுதியவள் தமிழ்99 விசைப்பலகையில் ஒகரத்தை ஒரே விசையில் தட்டியிருந்தாள். விண்டோஸும் லினக்ஸும் பொதுவாகக் கோப்புப் பெயர்களைக் குறிகுறியாகவே ஒப்பிடுவதால் அவற்றுக்கு இவை வேறு வேறு பெயர்கள். ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கும் இதுபோல ஒரு கண்ணி உண்டு. பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் விண்டோஸ் ஒன்றாகக் கொள்ளும், லினக்ஸ் கொள்ளாது. வீட்டில் ஓடிய நிரல் சர்வரில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜாவாஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்' என்றொரு கட்டளை உண்டு. இரு வடிவங்களையும் அது ஒரே வடிவமாக்கும். அதைக் கொண்டு எல்லா உறைப் பெயர்களையும் சோதிக்கும் சிறு நிரல் ஒன்று எழுதினோம். 'பொது' மட்டுமன்றி 'தொகை', 'கோரிக்கை' என்ற இரண்டு உறைகளும் அகப்பட்டன. ஓகாரத்துக்கும் இதே நிலைதான். மூன்றையும் திருத்தி, உறைகளின் பெயரை இனி ஒருத்தியே தட்டுவது என்று முடிவு செய்தபோது இரவு ஒன்பது மணி. சிஸ்டர் பழைய பதிவேட்டை மூடாமல் மேசைமேல்தான் வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை முதல் நூலை எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எடுத்துச் சென்றாள். திருப்பித் தர வேண்டிய தேதி சரியாக வந்தது.