சிங்கப்பூரிலிருந்து வாலாஜாபாத்: வானில் நாலு மணி நேரம், தரையில் இரண்டு மணி நேரம்

சாங்கியிலிருந்து சென்னை விமான நிலையம் வான்வழியில் சுமார் 2,900 கி.மீ. இடையில் நிற்காத விமானம் ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், இண்டிகோ இரண்டிலும் நேரடி விமானம் உண்டு. விமான நிலையம் உள்ள மீனம்பாக்கத்திலிருந்து வாலாஜாபாத் சுமார் 50 கி.மீ.தான். ஆனால் உங்கள் பயணத் திட்டம் நிற்பதும் குலைவதும் இந்த 50 கி.மீ.யில்தான்.

கடிகாரக் கணக்கு

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவு 8 மணிக்குப் புறப்பட்டால் இங்கே இரவு 9.30-க்கு இறங்குவீர்கள். திரும்பும்போது இரவு 11 மணிக்கு ஏறினால், அங்கே விடியற்காலை 5.30. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். அதைக் கழித்துப் பார்த்துப் பயண நேரம் என்று எண்ணிவிடாதீர்கள். விமான நிலையத்தில் காத்திருப்பு, குடிநுழைவு, பெட்டி, சாலை எல்லாம் சேர்த்தால் வீட்டுக்கு வீடு ஒன்பது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்திலிருந்து

காரில் வந்தால் தாம்பரம், படப்பை, ஒரகடம் வழியே வாலாஜாபாத். சாலை காலியாக இருந்தால் ஒன்றேகால் மணி நேரம். தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறும் வேளையில் ஒரகடம் கூட்டுரோட்டில் மாட்டினால் இரண்டு மணி நேரத்தையும் தாண்டும். கம்பெனி பஸ்கள் வரிசையாகத் திரும்பும். புதுக் கார்களை ஏற்றிய நீண்ட டிரெய்லர்கள் மெல்ல வளையும். காலையிலும் மாலையிலும் இதை எதிர்பார்த்தே கிளம்புங்கள். இரவு பத்துக்குமேல் இறங்குபவர்கள் முன்கூட்டியே டாக்சி சொல்லிவைப்பது நல்லது.

பகலில், கையில் சுமை குறைவென்றால் ரயிலில் வரலாம். விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் நிலையம். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம், திருமால்பூர் செல்லும் ரயில்கள் வாலாஜாபாத்தில் நிற்கும். நாளுக்குச் சில வண்டிகள்தான் என்பதால் நேரம் பார்த்துக்கொண்டு வாருங்கள். தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் செல்லும் பஸ்களும் வாலாஜாபாத் வழியே வரும்.

ஒரு நாள் மிச்சமிருந்தால்

செங்கல்பட்டுப் பக்கம் அடுத்த ரயில் நிலையம் பழையசீவரம். குன்றின்மேல் லட்சுமி நரசிம்மர் கோயில். ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரை அவசியம் பாருங்கள். 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் அங்கு இயங்கிய ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையின் கணக்கு அதில் வெட்டப்பட்டிருக்கிறது: 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்பவர், செவிலியர், மூலிகை கொண்டுவருவோர், அவரவர்க்கு உரிய ஊதியம், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மருத்துவமனை நிர்வாகத்தை விரலால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு இது. உச்சிவேளையில் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே செல்லுங்கள். காஞ்சிபுரம் வாலாஜாபாத்திலிருந்து சுமார் 15 கி.மீ.தான்.

திரும்பும்போது

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருக்கவேண்டும். இரவு 11 மணி விமானம் என்றால் வாலாஜாபாத்திலிருந்து மாலை 5.30-க்கே வண்டி எடுங்கள். ஒரகடம் நெரிசலுக்கென அரை மணி நேரம் இதிலேயே சேர்த்தாயிற்று.