ஆறு சொல்வதைக் கேளுங்கள்



"அண்ணே, ஆத்தோரமா நடக்கிறதுக்கு என்ன பாடம் வேண்டிக் கிடக்கு?" என்று குழுவில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. நியாயமான கேள்விதான். பாதை எளிது, ஆனால், ஆறு அப்படியல்ல.

தாமான் நெகாராவை எடுத்துக்கொள்வோம். பகாங், கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டருக்குப் பரந்த காடு அது. தஹான் ஆறு தெம்பெலிங் ஆற்றில் கலக்கும் இடம்தான் கோலா தஹான். அங்கிருந்து கொஞ்ச நேரம் நடந்தால் லுபுக் சிம்போன். குளிக்க அருமையான இடம். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லும் நடை இதுதான். மலாயில் 'லுபுக்' என்றால் ஆற்றின் ஆழமான மடு. பெயரே நம்மை எச்சரிக்கிறது, பாருங்கள்!

நாம் பயப்பட வேண்டியது 'கெபாலா ஆயர்', அதாவது திடீர் வெள்ளம். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். அந்த நீர் ஒன்றுதிரண்டு, சில நிமிடங்களில் நம்மிடம் வந்துவிடும். வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீரையும் பார்க்க வேண்டும்.

அடையாளங்கள் நான்கு:

1. நிறம்: இலைச்சாறு ஊறியதால் தஹான் ஆறு இயல்பாகவே தே ஓ நிறத்தில் தெளிவாக இருக்கும். அது தே தாரேக் போலக் கலங்கினால் ஆபத்து.
2. மிதப்பவை: இலை, சுள்ளி, நுரை திடீரென அதிகமாக வரும்.
3. மட்டம்: சற்றுமுன் தெரிந்த கல் மூழ்கிவிடும்.
4. ஓசை: மேலிருந்து இரைச்சல் கேட்கும்.

ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி, மேட்டுக்குப் போய்விடுங்கள். பை, செருப்பு, கைப்பேசி எதற்கும் திரும்பாதீர்கள். அக்கரைக்குக் கடக்கவும் முயலாதீர்கள்.

என் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் குளிக்கும்போது ஒருவர் கரையில் நின்று மேல்நீரைப் பார்ப்பார். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். "போர் அடிக்குது அண்ணே" என்பார்கள். அடிக்கட்டும். ஆற்றைத் தாய் என்கிறோம். தாய் அதட்டும்போது கேட்பதும் மரியாதைதானே?

கலந்துரையாடுங்கள்: உங்கள் அடுத்த நடையில் முதல் காவல் யாருடையது? அவர் குரல் கொடுத்தால் எல்லாரும் எந்த மேட்டில் கூடுவீர்கள்?