கவுன்சலிங் காலம்: அலைச்சல் உங்களுக்கு, முடிவு பிள்ளைக்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும்வரை இப்போதெல்லாம் யாரும் காத்திருப்பதில்லை. 2025-ல் ரிசல்ட் மே 8 வந்தது. இன்ஜினியரிங் கவுன்சலிங் பதிவு அதற்கு முந்தின நாளே திறந்துவிட்டது. அன்றிலிருந்து ஆகஸ்ட் வரை பிள்ளையின் தூக்கத்தைக் கெடுப்பது மார்க் மட்டுமல்ல. சான்றிதழ் வரவில்லை, ஓடிபி வரவில்லை, பணம் புரளவில்லை, அப்பா ஒன்று சொல்கிறார், மாமா வேறொன்று சொல்கிறார். இந்தச் சுமையில் பெரும்பகுதி பெரியவர்கள் தூக்க வேண்டியது. கீழ்வேளூர் சுற்றுவட்டாரத்தில் வருஷா வருஷம் குடும்பங்கள் தடுக்கி விழுவது ஒரே இடங்களில்தான். அந்த இடங்கள் இவை.

செய்ய வேண்டியவை

- இன்றைக்கே இ-சேவை மையத்துக்குப் போங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி என்று எது பாக்கியிருந்தாலும் விண்ணப்பித்துவிடுங்கள்; ஒன்றுக்கு 60 ரூபாய்தான். மே, ஜூனில் ஜமாபந்தி வந்துவிடும். விஏஓ, ஆர்ஐ எல்லாரும் தாலுகா ஆபீஸிலேயே இருப்பார்கள்; உங்கள் மனு வரிசையில் நிற்கும். முதல் பட்டதாரிச் சலுகை வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

- பெயரையும் இனிஷியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்று மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தவறு இருந்தால் இப்போது திருத்த நேரம் இருக்கிறது, ஜூலையில் இருக்காது.

- விண்ணப்பத்தில் உங்கள் வீட்டு செல் நம்பரையே கொடுங்கள். பிரவுசிங் சென்டரில் கூட்டம் நெரியும்போது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடைக்காரர் தன் மெயில் ஐடியைப் போட்டுவிடுவது நடக்கிறது. அதன் பிறகு ரேங்க், அலாட்மென்ட் எல்லாத் தகவலும் அவருக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளையின் பெயரில் மெயில் திறந்து, பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கொடுத்த செல் நம்பருக்கு ஆகஸ்ட் வரை ரீசார்ஜ் தவறக்கூடாது.

- அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மருத்துவத்துக்கு 2020-லும், இன்ஜினியரிங், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்றவற்றுக்கு 2021-லும் வந்த சட்டம் இது. இதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தலைமையாசிரியரிடம் ஆறாம் வகுப்பிலிருந்து விவரம் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

- இன்ஜினியரிங் கட்-ஆஃபைப் பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களே போடுங்கள். கணக்கு மார்க் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 84, 78, 82 என்றால் 84 + 39 + 41 = 164. எண் கையில் வந்ததும் பாதி பயம் போய்விடும்.

- சாய்ஸ் லிஸ்ட்டில் ஆசைப்பட்ட வரிசையிலேயே கல்லூரிகளைப் போடச் சொல்லுங்கள். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ‘கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடும்’ என்று யாராவது சொல்வார்கள், அது தவறு. கம்ப்யூட்டர் லிஸ்ட்டின் மேலிருந்து கீழே வரும். பிள்ளையின் ரேங்குக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்க்கும், நஷ்டமில்லை. தவறான வரிசையில் போட்டால்தான் நஷ்டம். திருக்குவளை பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி உங்கள் பிள்ளைக்கு உண்மையிலேயே நான்காவது விருப்பம் என்றால், பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக முதலில் போட்டுவிடாதீர்கள். அதுவே அலாட் ஆகிவிடலாம். நாலைந்தோடு நிறுத்தவும் வேண்டாம். முந்தைய வருஷக் கட்-ஆஃப் பார்த்து, எட்டாதது, எட்டக்கூடியது, உறுதியாகக் கிடைப்பது மூன்றும் இருக்கட்டும்.

- இரண்டாவது கதவையும் திறந்து வையுங்கள். கீழ்வேளூரிலேயே 2021-ல் தொடங்கிய அரசு வேளாண் கல்லூரி, நாகையில் மீன்வளப் பல்கலைக்கழகம், க்யூட் தேர்வு எழுதியிருந்தால் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம், திருவாரூரில் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரி என்று எல்லாம் பஸ் தூரத்தில் இருக்கின்றன. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்தான் ஆகும். நீட் எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளையும் இவற்றுக்கு விண்ணப்பிக்கட்டும்.

- சம்பா நெல் பணம் கையில் இருக்கும்போதே சேர்க்கைத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். கவுன்சலிங் ஜூலையில் வரும். அப்போது கொள்முதல் நிலையப் பணம் கரைந்திருக்கும், அடுத்த சாகுபடிச் செலவு வாசலில் நிற்கும். போதாது என்றால் வங்கிக்குப் போங்கள், 7.5 லட்சம் ரூபாய் வரையான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் தேவையில்லை.

- பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து ஆதாரை இணையுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

செய்யக்கூடாதவை

- ஒரிஜினல் சான்றிதழை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ‘சீட் உறுதி, டிசியை மட்டும் கொடுங்க’ என்று வீட்டுக்கே வரும் புரோக்கர் சேவை செய்ய வரவில்லை. பிள்ளையைக் கட்டிப்போடத்தான் அந்தத் தாள். சரிபார்த்த உடனே ஒரிஜினலைத் திருப்பித் தர வேண்டும் என்று 2018-லேயே யூஜிசி கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

- கவுன்சலிங் முடியும் முன்னே மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள். ரசீது இல்லாத பணம் போனது போனதுதான்.

- அலாட்மென்ட் வந்த பிறகு ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று விடாதீர்கள். உறுதி செய்யக் கிடைப்பது இரண்டே நாள். ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’ கொடுத்து மேலே ஒன்று கிடைத்தால் பழைய இடம் தானாகவே போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. அந்த பட்டனை அழுத்துவதற்கு முன் பிள்ளையிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

- ‘நிலத்தை வித்தாவது உன்னைப் படிக்க வைக்கிறேன்’ என்று பிள்ளை காதுபட சொல்லாதீர்கள். நீங்கள் பாசத்தில் சொல்கிறீர்கள். பிள்ளைக்கு அது கடனாக விழுகிறது. கோர்ஸ் பிடிக்கவில்லை என்று சொல்லவேண்டிய பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

- பக்கத்து வீட்டு மார்க்கை இழுக்காதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஊர் மார்க்கையெல்லாம் பிள்ளை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

- சாப்பிடும் நேரத்தில் கல்லூரிப் பேச்சு வேண்டாம். சாயங்காலம் அரைமணி நேரம் அதற்கென்று வையுங்கள், மீதி நேரம் பிள்ளையை விட்டுவிடுங்கள்.

- பெண் பிள்ளையின் லிஸ்ட்டிலிருந்து தூரத்துக் கல்லூரிகளை நீங்களாக அடிக்காதீர்கள். விடுதி இருக்கிறதா, அரசு விடுதியில் இடம் உண்டா என்று விசாரித்த பிறகு பேசுங்கள். தம்பிக்குத் திருச்சி தூரமில்லை என்றால் அக்காவுக்கும் இல்லை.

- மார்க் குறைந்த பிள்ளையை, பாடம் போன பிள்ளையை, ரிசல்ட் அன்று வீட்டில் தனியாக விட்டுவிட்டு வயலுக்குப் போகாதீர்கள். துணைத் தேர்வு அதே ஆண்டில் வந்துவிடுகிறது. பாஸ் செய்தால் அந்த வருஷமே சேரவும் வழி இருக்கிறது. அதை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்கினால் 104 அல்லது 14416-க்குக் கூப்பிடுங்கள். இரண்டிலும் தமிழில் பேசலாம். இரண்டு நம்பரையும் இப்போதே உங்கள் போனிலும் பிள்ளையின் போனிலும் சேமித்து வையுங்கள்.