அடிவயிற்று வலி: காரணத்தைக் கண்டுபிடியுங்கள்



"பொம்பளைன்னா வயிறு வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லியே பல வருஷங்களை ஓட்டிவிடுகிறோம். மாதவிலக்கின் முதல் ஓரிரு நாள் லேசாக வலிப்பது வேறு. தொப்புளுக்குக் கீழே 6 மாதத்துக்கு மேல் வலி, காட்டு வேலைக்குப் போக முடியவில்லை, தாம்பத்திய உறவின்போது வேதனை என்றால் அதை வாயு, சூடு, திருஷ்டி என்று தள்ளிவிடக் கூடாது.

மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டமும் நம் சித்தேரி மலையைப் போலப் பழங்குடி மக்கள் வாழும் இடம்தான். அங்கே டாக்டர் ராணி பங், டாக்டர் அபய் பங் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைச் சோதித்து, 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 92 பேருக்கு ஏதாவதொரு பெண் நோய் இருந்தது. அதற்கு முன் சோதனை செய்துகொண்டிருந்தவர்களோ நூற்றுக்கு 8 பேர்தான்!

காரணங்கள் பல. கருக்குழாயில் கிருமி சேரலாம். இருமலே இல்லாமல் கர்ப்பப்பையில் காசநோய் வரலாம். அதனால் பிள்ளை தங்காமலும் போகலாம். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற சதை வெளியே வளர்வதும் உண்டு. இதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். மூத்திரப்பை, குடல், இடுப்புத் தசையிலிருந்தும் வலி வரும்.

இத்தனையில் எது என்று டாக்டருக்கு வழிகாட்டுவது நீங்கள் சொல்லும் விவரமே. காலண்டரில் வலித்த நாளுக்கு ஒரு பொட்டு, விலக்கான நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. 3 மாதம் போட்டாலே, விலக்கோடு சேர்ந்து வருகிற வலியா, தனியாக வருகிறதா என்று தெரிந்துவிடும். மூத்திரம், மலம் போகும்போது வலிக்கிறதா, நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறதா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இதற்காக 3 மாதம் வீட்டில் காத்திருக்க வேண்டாம். முதலில் நர்ஸ் அம்மாவையோ சித்தேரி ஆரம்ப சுகாதார நிலையத்தையோ பாருங்கள். தேவைப்பட்டால் அரூர் அரசு மருத்துவமனைக்கோ தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். பழைய சீட்டுகளை ஒன்று விடாமல் எடுத்துப் போங்கள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. எண்டோமெட்ரியோசிஸ் பல சமயம் ஸ்கேனில் தெரியாது. "அடுத்து என்னங்க பார்க்கணும்?" என்று கேளுங்கள். காரணம் தெரியுமுன் கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். குடலில் உள்ள கோளாறு அதனால் தீராது.

கணவன்மார்களே, நீங்களும் கூடப் போங்கள். சில கிருமிகளுக்கு இருவரும் சேர்ந்து மருந்து சாப்பிட்டால்தான் குணமாகும்.

நாள் தள்ளிப்போய்த் திடீரென்று கடும் வலியும் மயக்கமும் வந்தால், அது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.