முன்பாதம் எரிந்தால் முதலில் எதை மாற்றுவது?

மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குச் சைக்கிளில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். ஏற்றமில்லை, இறக்கமில்லை. காலுக்குப் பிரச்சினையே அதுதான். இறக்கம் வந்தால் உழக்காமல் விடலாம், ஏற்றம் வந்தால் எழும்பி நின்று மிதிக்கலாம். இங்கே இருந்த இருப்பில் ஒரே இடத்தை அழுத்திக்கொண்டே போகவேண்டும். சோளகம் தொடங்கினால், தம்பபவனி மின் நிலையத்தின் 30 காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று நம்மையும் பக்கத்தால் தள்ளும்.

புதுச் சப்பாத்தும் பூட்டுப் பெடலுமாக நான் ஓடிய முதல் நாள், பேசாலைக்கு முன்பே முன்பாதம் எரியத் தொடங்கிவிட்டது. வீதியோரம் குந்திச் சப்பாத்தைக் கழற்றினேன். சின்னவிரல் ஓரத்தில் தையல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது, நடுவிரல்கள் மரத்துப்போயிருந்தன. இரண்டும் வேறு வேறு நோவு என்று தெரியாமல் ஓரளவு பெரிய சப்பாத்து வாங்கினேன். காசு போனது, மரப்பு போகவில்லை.

மரப்புக்கும் எரிவுக்கும் காசில்லா வைத்தியம்தான் முதலில். மேல் பட்டிகளைத் தளர்த்துங்கள். வெயிலில் பாதம் வீங்கும். அடுத்தது கிளீட், அதாவது சப்பாத்தின் அடியில் பெடலோடு பூட்டும் துண்டு. விரல்களுக்குப் பின்னாலுள்ள எலும்பு முட்டுகளுக்கு நேர்கீழே அது இருந்தால் நரம்பு நசியும். இப்போதைய இடத்தைப் பேனையால் குறித்துவிட்டு, ஆணிகளைத் தளர்த்தி, குதிப் பக்கமாக மூன்று நான்கு மில்லிமீற்றர் இழுத்து இறுக்குங்கள். இருக்கையையும் ஒரு மயிரிழை இறக்க வேண்டிவரலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எது சுகம் தந்தது என்று தெரியாது. இதற்கும் கேட்காவிட்டால், உள்வளைவைத் தாங்கும் உட்தகடு.

ஓரம் கடித்தால் அகலம் போதாது என்று அர்த்தம். நீளத்தைக் கூட்டிப் பயனில்லை. அகலமான வார்ப்பு உள்ளதை, மாலையில், ஓடும்போது போடும் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பெடலை மாற்றுவது கடைசி. பிரெஞ்சு நிறுவனமான லுக் 1984இல் கொண்டுவந்த மூன்று ஆணி வகையில் கிளீட் அகலம், அழுத்தம் பரவும். ஆனால் அடியில் துருத்தி நிற்கும், நடந்தால் தேயும். 1990இல் ஷிமானோ கொண்டுவந்த இரண்டு ஆணி எஸ்.பி.டி.யில் சின்ன இரும்புக் கிளீட் அடிக்குள் ஒளிந்திருக்கும். தேத்தண்ணிக் கடைக்கு இறங்கி நடக்கலாம். அடித்தட்டு மெத்தென்றிருந்தால்தான் அது பாதத்தில் குத்தும். விறைப்பான அடித்தட்டோடு இந்த இரண்டு ஆணி வகையே நம் கரைக்குப் பொருத்தம். மணலைத் தட்டிவிடுங்கள், உப்புக்காற்றுக்கு ஆணிகளில் கிரீஸ் பூசுங்கள்.

சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடுபவருக்குத் தட்டைப் பெடலே போதும். பாதத்தை நினைத்தபடி நகர்த்தலாம்.

சப்பாத்தைக் கழற்றி வெகுநேரமாகியும் மரப்பு விடாவிட்டால் சைக்கிளைத் திருத்திக்கொண்டிராதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் அன்றைக்கே வைத்தியரிடம் பாதத்தைக் காட்டுங்கள்.