செயற்கை நுண்ணறிவு இசையாய்வுகளை மதிப்பிடுதல்: காரைக்குடி வீணை மரபை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இசையை அடையாளம் காணவும் உருவாக்கவும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் ஆய்வுகள் தம் வெற்றியைப் பெரும்பாலும் துல்லிய விழுக்காட்டால் நிறுவுகின்றன. அவ்விழுக்காடு இசையைப் பற்றிய கூற்றா, திரட்டப்பட்ட பதிவுகளைப் பற்றிய கூற்றா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. கருநாடக இசை இராகங்களை இனங்காணும் ஆய்வுகள், மிருதங்கச் சொற்களைப் பிரித்தறியும் ஆய்வு, காரைக்குடி வீணை மரபை அடிப்படையாகக் கொண்ட கமக ஆய்வு ஆகியவற்றை ஒப்பிட்டு, தமிழிசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சி மரபின் துணையுடன், இத்தகைய ஆய்வுகளை மதிப்பிடுவதற்கான அளவுகோல்களை இக்கட்டுரை முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, இராகம், கமகம், காரைக்குடி பாணி, பண் ஆராய்ச்சி, தரவுத்தொகுப்பு

முன்னுரை

இசை பற்றிய கணினி ஆய்வுகள் நெடுங்காலம் பொறியியல் துறைகளுக்கு உரியனவாகவே இருந்தன. இன்று தமிழ்த்துறைகளிலும் இசைத்துறைகளிலும் அவை ஆய்வேடுகளாக வரத் தொடங்கியுள்ளன. அவற்றை மதிப்பிட வேண்டிய தமிழறிஞர் முன் ஒரு சிக்கல் எழுகிறது. ஆய்வேட்டின் கணக்கியல் பகுதியைச் சரிபார்க்க அவருக்குப் பயிற்சி இல்லை. இசைப் பகுதியைச் சரிபார்க்கப் பொறியாளருக்குப் பயிற்சி இல்லை. இந்த இடைவெளியில் ‘97 விழுக்காடு’ என்னும் எண் எவ்வித வினாவுமின்றி ஏற்கப்பட்டுவிடுகிறது.

செட்டிநாட்டைப் பொறுத்தவரை இது தொலைதூரச் சிக்கலன்று. வீணையில் தனிப்பாணி ஒன்றுக்குப் பெயர் தந்த ஊர் காரைக்குடி. தமிழிசை இயக்கத்துக்குப் பெருந்துணை புரிந்த அண்ணாமலை செட்டியாரின் ஊர் கானாடுகாத்தான். தாலாட்டு, ஒப்பாரி, பழனிக் காவடி நடைப்பாட்டு என வழங்கும் வாய்மொழி இசைக்கும் இங்குக் குறைவில்லை. இவை எவ்வாறு தரவாக்கப்படும், எவ்வாறு அளக்கப்படும் என்பதை மதிப்பீட்டு முறைகளே தீர்மானிக்கும்.

1. விழுக்காடு சொல்வதும் சொல்லாததும்

பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய ‘காம்ப்மியூசிக்’ திட்டம், மேலையிசைக்கென உருவான கருவிகள் பிற இசை மரபுகளுக்குப் பொருந்தா என்னும் தெளிவிலிருந்து பிறந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஹேமா மூர்த்தியின் ஆய்வுக்குழு அதில் பங்காற்றியது. இத்திட்டத்தின் வழியாக இராக ஆய்வுக்கென 40 இராகங்களில், இராகத்துக்கு 12 வீதம், 480 கருநாடக இசைப் பதிவுகள் கொண்ட தொகுப்பு உருவானது.

இத்தொகுப்பின்மீது நிகழ்ந்த ஆய்வுகளின் முடிவுகளை வரிசைப்படுத்தினால் ஓர் உண்மை புலப்படும். சங்கீத் குலாட்டியும் பிறரும் 2016இல் வெளியிட்ட, இசைத்தொடர்களை அடிப்படையாகக் கொண்ட முறை, 10 இராகங்களில் 92 விழுக்காடும் 40 இராகங்களில் 70 விழுக்காடும் பெற்றது. அதே ஆண்டு அதே குழுவினரின் வேறொரு முறை 40 இராகங்களில் 87 விழுக்காட்டை எட்டியது. 2019இல் ஆழ்கற்றல் முறையைப் பயன்படுத்திய ‘டீப்எஸ்ஆர்ஜிஎம்’ என்னும் ஆய்வு 40 இராகங்களில் 88.1 விழுக்காடும் 10 இராகங்களில் 97 விழுக்காடும் பெற்றதாக அறிவித்தது.

இந்த எண்களிலிருந்து மூன்று செய்திகளைப் பெறலாம். முதலாவது, ஒரே முறை பத்து இராகங்களுள் ஒன்றைத் தெரியும்போது பெறும் வெற்றியை நாற்பதுள் ஒன்றைத் தெரியும்போது பெறுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு விடை சொன்னாலும் முன்னதில் 10 விழுக்காடும் பின்னதில் 2.5 விழுக்காடும் சரியாகும். எனவே எத்தனை இராகங்களுள் என்று கூறாத விழுக்காட்டுக்குப் பொருளில்லை. இரண்டாவது, 480 பதிவுகளில் ஒரு விழுக்காடு என்பது ஐந்துக்கும் குறைவான பதிவுகளே. 87க்கும் 88.1க்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கொண்டு ஒரு முறை மற்றொன்றை விஞ்சியதாகக் கொள்வது இயலாது.

மூன்றாவது செய்தி இசையறிஞருக்கு உரியது. பிழைகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. தர்பாரை நாயகி என்றும், ஆரபியைத் தேவகாந்தாரி என்றும் மயங்கும் கருவி, பயிலும் மாணவர் மயங்கும் இடத்தில்தான் மயங்குகிறது. கல்யாணியைத் தோடி என்று கூறும் கருவியோ இராகத்தையே கேட்கவில்லை. விழுக்காடு இவ்விரு பிழைகளையும் ஒன்றாகவே எண்ணுகிறது. எந்த இராகம் எந்த இராகமாகக் கொள்ளப்பட்டது என்னும் அட்டவணையைத் தராத ஆய்வேடு, மதிப்பிடுவதற்கு வேண்டிய சான்றையே தரவில்லை.

2. சரியான விடை, தவறான காரணம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியில் ஹான்ஸ் என்னும் குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்றது. அது குளம்பைத் தட்டி விடை கூறியது. விடைகளும் சரியாக இருந்தன. வினவுபவரின் முக, உடல் அசைவுகளைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தியது என்பதை ஆஸ்கர் ஃபங்ஸ்ட் சோதனை வழி நிறுவினார். இசைத்தரவு ஆய்வாளர் பாப் ஸ்டர்ம் இந்நிகழ்வையே உவமையாக்கி, இசையை இனங்காணும் கருவி ‘குதிரையா’ என்று சோதிக்கும் முறையை 2014இல் வெளியிட்டார். கேட்பவருக்கு வேறுபாடே தோன்றாத சிறு மாற்றத்தை ஒலியில் செய்தால் கருவியின் விடை மாறிவிடுமா என்பதே சோதனை. மாறுமாயின் அக்கருவி இசையைக் கேட்கவில்லை. பதிவில் உள்ள வேறேதோ தடயத்தைப் பற்றிக்கொண்டுள்ளது.

ஸ்டர்ம் ஆராய்ந்த தொகுப்பு, பத்து இசைவகைகளில் 30 நொடி நீளமுள்ள 1000 ஒலித்துண்டுகளைக் கொண்டது. பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான ஆய்வுகளுக்கு அடித்தளமாக இருந்தது. அதில் ஒரே ஒலித்துண்டு மீண்டும் மீண்டும் இடம்பெற்றதையும், ஒரே கலைஞரின் பாடல்கள் ஒரு வகையில் குவிந்திருந்ததையும், வகைப்பெயர்கள் தவறாக இடப்பட்டிருந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார்.

கருநாடக இசையில் இவ்வாபத்து கூடுதலாகும். ஒரு பாடகர் ஓர் இராகத்தில் பாடிய நெடும் பதிவைச் சிறு துண்டுகளாக்கி, சிலவற்றைக் கருவியின் பயிற்சிக்கும் சிலவற்றைச் சோதனைக்கும் வைத்தால், கருவி இராகத்தைக் கற்றதா, அப்பாடகரின் குரலையும் அவருடைய ஆதார சுருதியையும் அரங்கின் ஒலியையும் கற்றதா என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே பயிற்சிப் பகுதியில் உள்ள கலைஞர் சோதனைப் பகுதியில் இடம்பெறாதிருத்தல் வேண்டும். கணக்கியல் அறியாத மதிப்பீட்டாளரும் கேட்கக்கூடிய, கேட்டே ஆகவேண்டிய வினா இது.

3. மிருதங்கச் சொற்கள்

மிருதங்கத்தின் மேற்சுரங்கள் ஒத்திசைவுடன் அமைவதைச் சி. வி. இராமன் 1920இலேயே எடுத்துக்காட்டினார். அவ்வொலியியலைப் பயன்படுத்தி, அக்ஷய் அனந்தபத்மநாபன், அஷ்வின் பெல்லூர், ஹேமா மூர்த்தி ஆகியோர் மிருதங்கச் சொற்களைப் பிரித்தறியும் முறையை 2013இல் வெளியிட்டனர். இது தொடர்பான தொகுப்பில் 6 சுருதிகளில், 10 வகைச் சொற்களின் 7162 ஒலித்துண்டுகள் உள்ளன. அவற்றை வாசித்தவர் ஆய்வாளருள் ஒருவரான மிருதங்கக் கலைஞரே. கருவியின் இயற்பியலிலிருந்து தொடங்கி, கலைஞரே ஆய்வாளராகவும் அமைந்த இவ்வாய்வு நன்முறைக்கு எடுத்துக்காட்டு.

எனினும் அதன் எல்லையையும் உணர வேண்டும். ஒருவரின் கையிலிருந்து பிறந்த ஒலிகள் அவர் கையின் பண்பையும் தாங்கியிருக்கும். காரைக்குடி மணி (1945–2023) போன்றோர் வளர்த்த தனிப்பாணியின் சொற்களுக்கும் அம்முடிவுகள் பொருந்துமா என்பது வேறு தரவு கொண்டு, வேறாகச் சோதிக்கப்பட வேண்டியது. பிழை மூல ஆய்வில் இல்லை. அதை மேற்கோள் காட்டி ‘மிருதங்கச் சொற்களைக் கணினி அறிந்துவிட்டது’ என்று பொதுமைப்படுத்தும் பின்னை ஆய்வுகளில்தான் பிழை நேரும்.

4. மீட்டும் கமகமும்: காரைக்குடி வீணை

காரைக்குடி சகோதரர்கள் எனப்பட்ட சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் (1888–1958) ஒரே மரபில் பயின்று, இணைந்தே வாசித்தவர்கள். ஆயினும் மூத்தவர் வீணையைத் தம்புராவைப் போல நிமிர்த்தியும், இளையவர் கிடையாக வைத்தும் வாசித்தனர். சாம்பசிவ ஐயர் 1952இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். கலாக்ஷேத்திராவில் ஆசிரியராக இருந்தார்.

இராகத்தை இனங்காணும் ஆய்வுகளுள் பல, முதற்படியாகப் பதிவிலிருந்து சுருதியின் ஏற்ற இறக்கக் கோட்டை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்கின்றன. குரலிசைக்கு இது ஓரளவு பொருந்தும். வீணையிலோ ஒவ்வொரு மீட்டும் ஓசையைப் புதிதாகத் தோற்றுவிக்கிறது. பின் அது தேய்கிறது. தேயும் ஓசையின்மீது இடக்கை கமகத்தை இழைக்கிறது. எங்கே மீட்டுவது, எங்கே மீட்டாமல் விடுவது, ஒரு மீட்டில் எத்தனை சுரங்களை இழுப்பது என்பன பாணியின் உயிர்நாடி. சுருதிக்கோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது மீட்டு கழிந்துபோகிறது. இராகப்பெயர் கூற அது தேவையில்லாதிருக்கலாம்; ஆனால் அத்தகைய ஆய்வு ‘வீணைப் பாணிகளிடையே வேறுபாடு இல்லை’ என்று முடிவுகூறுமானால், தான் முன்பே கழித்துவிட்ட ஒன்றைக் காணவில்லை என்று கூறுவதாகவே அது முடியும்.

இதற்கு மாறான அணுகுமுறையும் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகுமார் சுப்பிரமணியன் மேற்கொண்ட முனைவர் பட்ட ஆய்வு, சுரக்குறிப்பில் எழுதப்படாத கமகங்களைக் கணினி எவ்வாறு வருவிக்கலாம் என்று ஆராய்ந்தது. சாம்பசிவ ஐயரின் மரபில் வந்த காரைக்குடி எஸ். சுப்பிரமணியன் வீணையில் வாசித்த பைரவி அடதாள வர்ணம் அதற்கு மூலமாயிற்று. கமகத்தை நிலையான தளம், அத்தளத்தின்மீது நிகழும் அசைவு என இரு கூறாகப் பகுத்ததும், முதற்காலத்து வாசிப்பிலிருந்து இரண்டாங்காலத்துக் கமகங்களை வருவிக்க முயன்றதும் அதன் சிறப்புகள்.

ஆயிரக்கணக்கான பதிவுகளைத் திரட்டாமல் ஒரே வர்ணத்தை ஆழ்ந்து நோக்கியதால், கருவி தரும் ஒவ்வொரு கமகத்தையும் ‘இவ்விடத்தில் இது பைரவியாகுமா’ என்று வாசிக்கத் தெரிந்தவர் சோதித்துப் பார்க்க இயலும். பெரிய தொகுப்பு பரப்பைத் தருகிறது. சிறிய தொகுப்பு பொருளைத் தருகிறது. ஆய்வின் தகுதியைப் பதிவுகளின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது இவ்வகை ஆய்வுகளைத் தாழ்த்திவிடும்.

5. பண் ஆராய்ச்சி தரும் முன்மாதிரி

கேட்டு மதிப்பிடுதல் அகவயமானது என்னும் தடை எழலாம். அதற்குத் தமிழிசை வரலாற்றில் விடை உண்டு. 1943இல் தோன்றிய தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்திவருகிறது. ஓதுவார்களும் இசைவாணர்களும் அறிஞர்களும் ஒரே அவையில் கூடி, தேவாரப் பண்களைப் பாடிக்காட்டி, வேறுபட்ட வழக்குகளை ஒப்பிட்டு விவாதிக்கும் முறை அது. பழந்தக்கராகத்துக்கு ஆரபி, சுத்தசாவேரி என இருவேறு இராகங்கள் வழங்குவது போன்ற இடங்களில், ஒன்று சரி, மற்றது பிழை என்று எடுத்த எடுப்பில் ஒதுக்காமல், இரண்டையும் பாடிக் கேட்பதே தொடக்கமாகிறது.

வழக்கமான இயந்திரக் கற்றல் வகைப்படுத்தலில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே விடைப்பெயர் இடப்படுகிறது. வழக்கு இரண்டாக உள்ள இடத்தில் தொகுப்பாளர் ஒன்றைத் தேர்ந்தால், மற்ற வழக்கில் பாடும் ஓதுவார் ‘பிழை’ எனக் கணக்கிடப்படுவார். பண் ஆராய்ச்சி மரபு காட்டும் தீர்வு, கருத்து வேறுபாட்டை மறைக்காமல் தரவின் பகுதியாகவே பதிவுசெய்தல்: பெயரிட்டவர் யார், எம்மரபினர், எத்தனை பேர் உடன்பட்டனர், யார் மறுத்தனர் என்பன உடன் தரப்பட வேண்டும்.

6. தொகுப்பில் இடம்பெறாதவை

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், பிறர் பொருட்படுத்தாத துண்டு வெளியீடுகளையும் நாடக அறிவிப்புகளையும் நூல்களோடு சேர்த்தே பாதுகாத்தார். அவர் மறைவுக்குப்பின் 1994இல் அத்தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. எது சேர்க்கப்படுகிறது என்பதே பின்னாளில் எது அறியப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

காம்ப்மியூசிக் வழிவந்த ‘சரகா’ தொகுப்பின் கருநாடக இசைப் பகுதியில் 249 பதிவுகள், ஏறத்தாழ 52 மணி நேரம் உள்ளன. அரங்கிசைக்கு அது அரிய செல்வம். ஆயினும் அரங்கிசையில் பயின்ற கருவியிடம் செட்டிநாட்டுத் தாலாட்டைக் கொடுத்து இராகம் கேட்டால், அது தான் அறிந்த பெயர்களுள் ஒன்றைக் கூறியே தீரும். ‘இது என் தொகுப்புக்குப் புறம்பானது’ என்று கூறும் வாய்ப்பு வழங்கப்படாத கருவியின் விடையை நாட்டார் இசை பற்றிய கண்டுபிடிப்பாகக் கொள்ளலாகாது.

இசைவு பற்றிய வினாவும் இங்கு எழுகிறது. 2024இல் வெளியான ‘லால் சலாம்’ படப்பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் மீட்டுருவாக்கப்பட்டபோது, குடும்பத்தாரின் இசைவு பெற்று ஊதியம் வழங்கப்பட்டதாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் அறிவித்தார். பெயர்பெற்ற பாடகருக்குக் கிட்டும் இவ்வுரிமை, ஒப்பாரி பாடிய முதியவருக்கும் உரியதே. களப்பணிக்கெனப் பாடப்பட்ட பாட்டு குரலுருவாக்கத்துக்கான தரவாகும்போது, முன்பு பெற்ற இசைவு போதாது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து, செயற்கை நுண்ணறிவு இசையாய்வை மதிப்பிடுவோர் கேட்கவேண்டிய வினாக்கள் பின்வருமாறு அமைகின்றன.

1. விழுக்காடு எத்தனை வகைகளுள், எத்தனை பதிவுகளின்மீது பெறப்பட்டது?
2. பயிற்சிக்குரிய கலைஞர்களும் சோதனைக்குரிய கலைஞர்களும் வேறானவர்களா?
3. எவை எவையாக மயங்கின என்பது காட்டப்பட்டுள்ளதா?
4. கணக்கீட்டுக்கு முன்பே இசையின் எக்கூறு கழிக்கப்பட்டது? முடிவு அக்கூறைப் பற்றியும் பேசுகிறதா?
5. பெயரிட்டவர் யார்? மாற்று வழக்குகள் பதிவாகியுள்ளனவா?
6. அம்மரபில் பயின்ற கலைஞர் விடைகளைக் கேட்டு மதிப்பிட்டனரா?
7. பாடியவரின் இசைவு இப்பயன்பாட்டுக்கெனப் பெறப்பட்டதா?

இவற்றுள் எதற்கும் உயர்கணிதம் தேவையில்லை. பாட வேறுபாடு நோக்குதல், ஏடு எங்கிருந்து பெறப்பட்டது என வினவுதல், உரையாசிரியரின் மரபறிதல் எனச் சுவடிப்பதிப்பில் தமிழறிஞர் கைக்கொண்ட ஒழுங்கே இவ்வினாக்களிலும் உள்ளது. ஓலைச்சுவடிக்குக் கேட்ட வினாக்களை ஒலித்தரவுக்கும் கேட்பதால் ஆய்வு தடைப்படாது. அவ்வினாக்களுக்கு விடையளிக்கும் ஆய்வே காரைக்குடி வீணையின் மீட்டையும் செட்டிநாட்டுத் தாலாட்டின் அசைவையும் உள்ளவாறு அறிய உதவும்.